பெருத்துக்கொண்டே போன பிடி

முதல் கத்தி திரும்பி வந்தபோது காசிமாயன் சிரித்தார். இரண்டாவது வந்தபோது, வாங்கின ஆளுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு டீக்குப் போனார். மூன்றாவது வந்த அன்று சிரிக்கவும் இல்லை, டீக்கும் போகவில்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கத்தியை எடுத்தார். வலது கைக்குள் வைத்து விரல்களை மூடித் திறந்து பார்த்தார். அருமையாக இருந்தது. சிக்கலே அதுதான்.

மூன்று கத்தியும் மூன்று ஊர். சென்னையில் ஒரு ஹோட்டல், கொச்சியில் ஒரு ஹோட்டல், ஊட்டியில் ஒரு விடுதி. மூன்று சமையல்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே சங்கதியை எழுதியிருந்தார்கள். அலகு பிரமாதம். பிடிதான் தடியாக இருக்கிறது, கைக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

அலகு மோகன்ராஜ் செய்தது. பிடி காசிமாயன் செய்தது. பாராட்டு யாருக்கு, திட்டு யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கப் பஞ்சாயத்து எதுவும் தேவைப்படவில்லை.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இரண்டு பேரும் தொழில் செய்தார்கள். முன்பக்கம் மோகன்ராஜ் இரும்பைக் காய்ச்சி, அடித்து, சாணை பிடித்து அலகாக்குவார். பின்பக்கம் காசிமாயன் பூவரசையும் வாகையையும் இழைத்துப் பிடி போடுவார். பெரிய ஹோட்டல் சமையல்காரர்கள் போனில் படம் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். அங்கே அவர்களுக்குச் செஃப் என்று பெயர். நம் ஊராக இருந்தால் மாஸ்டர் என்போம். காசிமாயனும் ஒரு மாஸ்டர்தான். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடம் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை ஒரே மூச்சில் அறுக்கிற மெஷினைக் கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தவர். சாயந்தரம் மெஷினை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் மெஷின் நின்றிருக்கும், கை நின்றிருக்காது. "ஆளே வைப்ரேட்ல இருக்கேன், யாராச்சும் போன் எடுங்கப்பா" என்று பஸ்ஸையே சிரிக்க வைப்பார்.

பிடி போடும் கலையை அவருக்கு எந்தக் குருவும் சொல்லித் தரவில்லை. பிசிறு நூல் வெட்டும் பெண்களுக்குக் கத்தரிக்கோல் பட்டு விரலெல்லாம் கொப்புளம் வரும். கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து அந்தக் கத்தரிக்கோல்களின் வளையத்தில் சுற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் ஆரம்பம். கத்திக்கு வந்தபிறகும் அதே முறைதான். பிடி போடாத அலகின் வாலில் பனியன் துணியைச் சுற்றி, வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுவார். இரண்டு நாள் அதிலேயே வெங்காயம் அரியச் சொல்வார். கை எங்கே அழுத்துகிறதோ அங்கே துணி ஒடுங்கியிருக்கும். எங்கே தொடவில்லையோ அங்கே உப்பியிருக்கும். திரும்பி வந்த அந்தத் துணி உருவத்தை அப்படியே மரத்தில் எடுத்தால் அது அந்த ஒரு கைக்கான பிடி.

போன வருடம் அந்தத் துணி சுற்றும் வேலையை நிறுத்திவிட்டார். யாரோ ஒரு பையன் வந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடியை உருட்டிப் பார்ப்பதை வீடியோ எடுத்துப் போட்டான். லட்சம் பேர் பார்த்தார்கள். லட்சம் பேர் பார்த்த கைக்குத் துணி எதற்கு? ஆளின் உள்ளங்கையை நேரிலோ போன் படத்திலோ ஒரு தடவை பார்த்தால் போதும், மிச்சத்தைத் தன் கையே சொல்லிவிடும் என்று மோகன்ராஜிடம் சொன்னார். சொன்னபோது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வாபஸ் வாங்கிக்கொள்கிற அளவுக்கு இல்லை.

மூன்றாவது கத்தி வந்தது ஒரு புதன்கிழமை. மண்ணரைப் பக்கம் அன்று மாதாந்திர மின்தடை. அவர் மனைவி ஒச்சம்மாள் தைத்த துணியில் பழுது தேடி செக்கிங் பார்க்கிற கம்பெனிக்கு லீவு. சும்மா இருக்கிற நாளில் புருசனுக்குச் சுடுசோறு போடலாம் என்று தூக்குவாளியோடு ஷெட்டுக்கு வந்தவள், அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுவது போல நின்றிருப்பதைப் பார்த்தாள்.

"என்னாய்யா, கத்திகிட்ட மன்னிப்புக் கேக்குறியா?"

"ரிஜெக்சன்டி. மூணாவது."

"என்ன கம்ப்ளெயின்ட்டு?"

"தடியா இருக்காம். அவனுகளுக்குக் கை சின்னது போல."

"மூணு பேருக்குமா?"

காசிமாயன் கத்தியைப் பெட்டிக்குள் வைத்தார். ஒச்சம்மாள் தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தோள்பையில் கைவிட்டு இஞ்ச் டேப்பை எடுத்தாள். கம்பெனிக்கு லீவு விட்டாலும் அந்த டேப்புக்கு லீவு கிடையாது. கல்யாண வீட்டில் பந்தல் துணியைக்கூட அளந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

சுவரோரம் ஆணியடித்து வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன மரப் பிடிகள். அதுவும் கம்பெனிப் புத்திதான். அனுப்புகிற சரக்கில் ஒன்றைத் தேதி போட்டு நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் யாராவது குறை சொன்னால் எடுத்துக் காட்ட. கவுண்டர் சாம்பிள் என்பார்கள். மாதத்துக்கு ஒரு பிடிக்காவது நகல் செய்து அட்டை கட்டித் தொங்கவிடுவார் காசிமாயன். அவை அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்று நினைத்திருக்க மாட்டார்.

ஒச்சம்மாள் முதல் ஆணியிலிருந்து ஆரம்பித்தாள். பிடியின் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் படித்தாள்.

"ஜனவரி. ஒம்பதரை சென்டி. எழுதிக்க."

"எதுக்குடி இதெல்லாம்?"

"எழுதிக்கய்யா. மார்ச்சு. பத்து."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தூசி படிந்த பலகை மேலேயே எழுதினார்.

"மே. பத்தரை. ஜூலை. பதினொண்ணு." அவள் ஒவ்வொரு ஆணியாக நகர்ந்தாள். "செப்டம்பரு. பதினொண்ணேகால். இந்தா, இந்த மாசம்." டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். "பன்னெண்டு."

இடையில் ஒரு மாதம்கூட எண் கீழே இறங்கவில்லை. பலகையில் அது படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டு போயிற்று.

"எம்மு, எல்லு, எக்ஸெல்லு" என்றாள் ஒச்சம்மாள். "அடுத்த மாசம் டபுள் எக்ஸெல்லாய்யா?"

காசிமாயன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இருபது வருடமாக அவள் கையில் சிக்கிய எந்தப் பழுதும் தானாக வந்ததில்லை. துணி சுருங்கியிருந்தால் சாயத்தில் கோளாறு. தையல் கோணியிருந்தால் மெஷினில் கோளாறு. அளவு ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் அளக்கிற கோலில் கோளாறு. இந்த ஷெட்டில் அளக்கிற கோல் எது என்று அவளுக்குத் தெரியும்.

"கையக் கொண்டா" என்றாள்.

"சோறு ஆறுதுடி."

"கையக் கொண்டாய்யா."

கொடுத்தார். அவள் விரல் விரலாக அமுக்கினாள். கட்டை விரலில் அவர் முகம் லேசாகச் சுளித்தது. நடுவிரலைத் தாண்டிய பிறகு முகத்தில் எதுவும் நடக்கவில்லை. சுண்டு விரல் நுனியில் அவள் நகம் பதிந்து வெள்ளையாகப் பள்ளம் விழுந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பல்லியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளா?"

"குளிருக்குடி. வயசாகுதுல்ல."

"திருப்பூர்ல ஏதுய்யா குளிரு? எம்புட்டு நாளா?"

"பஞ்சு சுத்துனாப்புல இருக்கு" என்றார் கடைசியில். "ஒரு வருசம் இருக்கும். சட்டப் பொத்தான் போட லேட்டாகுது, அம்புட்டுதான். கை அதுபாட்டுக்கு வேலை செய்யுது. பிடியத்தான் கொஞ்சம்..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. மரம் கைக்குள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக, தெரியும் வரை, அவர் கனத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கை மரக்க மரக்கப் பிடி பெருத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அவர் உருட்டிக் காட்டி, லட்சம் பேர் பார்த்த அந்த வித்தை, குருடன் கோலம் போட்ட கதை. அதைவிட மோசமாக இன்னொன்று உண்டு. மேல்பூச்சு வழவழப்பாகிவிட்டதா என்று பார்ப்பதும் அதே விரல்கள்தான். வழவழப்பு தெரியவில்லையே என்று உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, போன நாலு மாதமாகப் பிடிகளைக் கண்ணாடி ஆக்கியிருந்தார்.

"செல்வியக்கா" என்றார் திடீரென்று.

"யாரு?"

"வீரபாண்டியில கம்பெனிகளுக்குச் சாப்பாடு செஞ்சு அனுப்புது பாரு, அந்த அக்கா. நேத்து சாயந்தரந்தான் கத்தி போச்சு. இருக்கதுலயே பெரிய அலகு. இருக்கதுலயே தடிப் பிடி."

அன்புசெல்வி ஒரு மாதத்துக்கு முன் இதே ஷெட்டுக்கு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டியிருந்தாள். சின்னக் கை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மாதிரி. அந்தக் கையால் தினம் முந்நூறு பேருக்குக் காய் அரிகிறாள் என்பதை நம்பவே முடியவில்லை. அவ்வளவு சின்னக் கை பன்னிரண்டு சென்டி பிடியைச் சுற்றி மூடாது. மூடாத கையில் எண்ணெய் பட்டிருக்கும், ஈரம் பட்டிருக்கும். பிடி கண்ணாடி. கை வழுக்கினால் முன்னால்தான் போகும். முன்னால் இருப்பது மோகன்ராஜ் மூன்று நாள் சாணை பிடித்த அலகு. விரல் போனது விழுந்த பிறகுதான் தெரியும்.

போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் செய்தார். மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி கிளம்ப வேண்டும். இப்போது அவள் முழு வேகத்தில் அரிந்துகொண்டிருப்பாள்.

முன்பக்கம் ஓடினார். மோகன்ராஜ் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தார்.

"மோகனு, செல்வியக்கா கத்தியத் திரும்ப வாங்கணும். ரிவெட்டு லூசு."

"நாந்தானுங்களே ரிவெட்டு தட்டிப் பாத்துக் குடுத்தனுப்புனேன். கல்லாட்டம் இருந்துதுங்க மாஸ்டர்."

காசிமாயன் நின்றார். பொய்யில் ஒரு நல்ல பொய்யாவது சொல்லியிருக்கலாம். பின்னால் ஒச்சம்மாள் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது.

"ரிவெட்டு இல்ல மோகனு. கை."

இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். மோகன்ராஜ் ஊதுவதை நிறுத்திவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார் காசிமாயன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடுப்பை அணைத்தார், கையைத் துடைத்தார், வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார். அதற்குள் காசிமாயன் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.

"குடுங்க மாஸ்டர். நான் ஓட்டறனுங்க."

"நான் நல்லாத்தான்..."

"ஆக்சிலேட்டரு வலது கையிலதானுங்க இருக்குது" என்றார் மோகன்ராஜ், ரொம்ப மரியாதையாக.

பின்னால் ஏறி உட்கார்ந்தார். காங்கயம் ரோடு வந்து, ஊருக்குள் புகுந்து, வண்டி பல்லடம் ரோட்டைப் பிடித்தது. காசிமாயன் வாய் ஓய்ந்து வண்டியில் போனது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சிக்னலிலும் மணி பார்த்தார். ஒவ்வொரு சிக்னலிலும் போன் போட்டார். போன் எடுக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். குழம்பு தாளிக்கிற சத்தத்தில் கேட்டிருக்காது. சார்ஜில் போட்டிருப்பாள். ஆயிரம் காரணத்தையும் அவர் வரிசையாக எண்ணினார். ஆயிரத்தோராவதாக ஒன்று வரிசையில் நிற்காமல் முன்னால் முன்னால் வந்து நின்றது.

எதிரே ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு வந்தது. வீரபாண்டிப் பக்கமிருந்து. மோகன்ராஜ் ஒதுங்கி வழிவிட்டார். இருவரும் திரும்பி அதைப் பார்க்கவில்லை. வண்டி மட்டும் அதற்கப்புறம் இன்னும் வேகமாகப் போயிற்று.

சமையல்கூடம், முன்பு பனியன் துணி பின்னிய ஒரு பழைய நிட்டிங் ஷெட். வாசலில் எவர்சில்வர் கேரியர்கள் மலையாக அடுக்கியிருந்தன. காசிமாயன் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தார். உள்ளேயிருந்து அரிகிற சத்தம் வரவில்லை. யாரும் பேசுகிற சத்தமும் வரவில்லை. வாசற்படியைத் தாண்டினால் தரையில் சிவப்பு. தண்ணீரோடு கலந்து, சாக்கடை வாயைப் பார்த்து மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கையால் பிடித்தோம் என்பது தெரியவில்லை.

"அட, மாஸ்டருங்களா! பாத்து வாங்க, பீட்ரூட்டுத் தண்ணி, வழுக்கும்."

அன்புசெல்வி மூலையில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, அரிந்த காயைக் கூடையில் தள்ளிக்கொண்டிருந்தாள். பத்து விரலும் இருந்தன. எண்ணியே விட்டார். பிறகு அவள் அடுத்த பீட்ரூட்டை எடுத்தாள். கத்தி இறங்கியது. பெரிய அலகு, தடிப் பிடி, சின்னக் கை. சறுக்கவில்லை. தடுமாறவில்லை. மெஷின் மாதிரி இறங்கி ஏறியது.

"கத்தி சூப்பருங்க" என்றாள் நிறுத்தாமலே. "உங்களக் கூப்புட்டுச் சொல்லோணும்னு இருந்தேன். போனு எங்க கெடக்குதோ தெரியல."

பக்கத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்த வேலாத்தாள் முறைத்தாள். "என்னத்த சூப்பரு? நான் காத்தால எடுத்து ரெண்டு வெங்காயம் அரிஞ்சு பாத்தனுங்க. ஒலக்கையப் புடிச்சு அரிஞ்ச மாதர இருக்குது. அதும் வழுவழுன்னு. இவ கைக்கு மட்டும் எப்புடித்தான் நிக்குதோ, சாமிக்குத்தான் வெளிச்சம்."

"பொறாமைங்க அந்தக்காளுக்கு" என்று அன்புசெல்வி சிரித்தாள். "மத்த கத்தியெல்லாம் கையில இருக்குதா இல்லையான்னே தெரியறதில்லீங்க. குனிஞ்சு பாத்துப் பாத்து அரியோணும். இதொண்ணுதான், புடிச்சா புடிச்ச மாதர தெரியுது. ஒரு வருசத்துல இப்பத்தானுங்க நிம்மதியா அரியறேன்."

மோகன்ராஜ் மூச்சை விட்டார். காசிமாயனின் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா மாஸ்டர். நீங்களும் பயந்து, என்னையும் பயங்காட்டிப்போட்டீங்க. அக்காளுக்குப் பொருத்தமாத்தானுங்களே இருக்குது!"

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, பாராட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கை விஷயத்தை இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம். காசிமாயனுக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்தது. வாய் வரை ஒரு நகைச்சுவைகூட வந்துவிட்டது.

ஆனால் கண் அவள் கையை விட்டு வரவில்லை. வலது கையில் மூன்று விரலில் பிளாஸ்திரி. ஒன்று புதுசு, ஒன்று அழுக்கு, ஒன்று பாதி உரிந்து தொங்கியது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு தீக்காயம், நாணயம் அளவுக்கு, இன்னும் ஈரமாக.

"அக்கா, அது எப்பப் பட்டது?"

"எதுங்க?" அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அட, இதுங்களா. தெரியலீங்க மாஸ்டர். சாயந்தரம் கை கழுவறப்ப பாப்பேன், எங்கியாச்சும் ஒண்ணு இருக்கும். அடுப்படின்னா அதெல்லாம் ஆகறதுதானுங்களே."

ஷெட்டுக்குள் குக்கர் ஒன்று விசிலடித்தது. காசிமாயன் போய் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பிடி ஒங்க கைக்குச் செஞ்சதில்ல" என்றார். "என் கைக்குச் செஞ்சது. என் கையில பாதிக்கு உணர்ச்சி செத்துருச்சு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். என் பொண்டாட்டி டேப்பு வச்சு அளந்து கண்டுபிடிச்சா. நல்ல கையி எதுக்கும் இந்தப் பிடி ஆகாது. வேலாத்தாக்காவுக்கு ஆகலன்னா அவுக கை நல்லாருக்குன்னு அர்த்தம்."

வேலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். மோகன்ராஜ் முகத்திலிருந்த சிரிப்பு அங்கேயே நின்று, பிறகு மெல்லக் கழன்றது.

அன்புசெல்விக்கு இன்னும் பிடிபடவில்லை. "அய்யோ, அப்புடீங்களா மாஸ்டர்? ஆசுபத்திரிக்குப் போனீங்களா? உங்களுக்கு இப்புடி ஆகோணுமா?" என்றாள். அவருக்காக அவள் கண் கலங்கியது.

"கண்ண மூடுங்க அக்கா."

"ஏனுங்க?"

"சும்மா மூடுங்க. ஒரு சின்ன செக்கிங்கு."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். "பரிசு கிரிசு குடுக்கறீங்களா?"

காசிமாயன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். காலையில்தான் சீவியது. வலது கையை நம்பாமல் இடது கையில் பிடித்துக்கொண்டார். அவள் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, சுண்டு விரல் நுனியில் பென்சில் முனையை வைத்தார். லேசாக. பிறகு கொஞ்சம் அழுத்தி. பிறகு இன்னும். தோல் குழிந்து, குழியைச் சுற்றி வெள்ளையாயிற்று. வேலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்புசெல்வி கண்ணை மூடியபடி, பிள்ளைகள் கண்ணாமூச்சியில் நிற்பது போல முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"சீக்கிரமுங்க மாஸ்டர்" என்றாள். "சாம்பாரு எறக்கோணும். இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

அவர் பென்சிலை எடுக்கவில்லை.

"கண்ணத் தொறந்து பாருங்க அக்கா" என்றார்.